ப்ரென்னர் துரை பெயரிட்ட பறவைகள்

தாழம்பட்டினத்துக் கோட்டையில் அந்தக் காலத்தில் எந்த நாட்டுக் கொடி பறந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நாட்டைச் சொல்வார்கள், கொடி அத்தனை முறை மாறியிருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைக்கு வைத்தியராக வந்து சேர்ந்த ப்ரென்னர் துரையைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்குவார்கள். காய்ச்சலில் கிடக்கும் சிப்பாயின் நாடியைப் பிடித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழியில் இறங்கும் உள்ளான் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சிப்பாய் செத்துப்போனால் 'அடடா' என்பார், உள்ளான் பறந்துபோனால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். காலையில் துப்பாக்கியோடு கழிக்குப் போவார், மதியம் தோளில் ஒரு கொத்துப் பறவைகளோடு திரும்புவார், மாலையில் அவற்றின் தோலை உரித்து, பாஷாணம் தடவி, பஞ்சடைத்து, கண் இருந்த இடத்தில் பாசிமணி வைத்து, உயிரோடு இருந்தபோது ஒருநாளும் நிற்காத கோணத்தில் அவற்றை நிற்க வைப்பார்.

அவருக்குச் சேர வேண்டிய மரியாதையை இங்கேயே கொடுத்துவிடுவது நல்லது, பிறகு அதற்கு இடம் வராது. அவர் வருவதற்கு முன்பு அவர்கள் ஊர்ப் புத்தகங்களில் பறவைகளை அளவைப் பார்த்தும், நிறத்தைப் பார்த்தும், சில புத்தகங்களில் ருசியைப் பார்த்தும்தான் பிரித்திருந்தார்கள். ப்ரென்னர்தான் கழிப் பறவைகளின் அலகையும் காலையும் பிடித்தார். சேற்றைக் குத்துகிற அலகு, தண்ணீரைச் சலிக்கிற அலகு, சிப்பியைத் திறக்கிற அலகு, சும்மா கொத்துகிற அலகு என்று பிரித்து, ஒரே மாதிரி அலகும் காலும் உள்ளவை எங்கே வாழ்ந்தாலும் என்ன நிறத்தில் இருந்தாலும் ஒரே குடும்பம் என்று எழுதினார். நல்ல யோசனைதான். அந்த ஒரு யோசனையோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

அவருக்குச் சமைக்க வந்தவள் சவேரியம்மாள். மீனவக் குப்பத்துப் பெண், புருஷன் கடலில் போனவள். சமைக்க வந்தவள் அந்த வீட்டிலேயே தங்கினாள். விருந்தாளி வந்தால் அவள் சமையல்காரி, விருந்தாளி போனபின் வேறு. அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. எஸ்தாக்கி என்று பெயர் வைத்தாள். சாம்பல் நிறக் கண்ணும், நுனியில் சற்றே கீழே வளைந்த நீள மூக்கும் உள்ள அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் யார் என்று கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தது. எழுதிய சாமியாருக்குத் தெரியும், எழுதச் சொன்ன கோட்டைக்குத் தெரியும், படிக்கத் தெரியாத குப்பத்துக்கும் தெரியும். அலகைப் பார்த்துக் குடும்பம் சொல்லும் மனிதருக்குத் தன் அடுப்படியில் வளர்ந்த பெண்ணின் மூக்கு மட்டும் எந்தக் குடும்பம் என்று புலப்படவில்லை.

பறவைகளுக்குப் பெயர் வைக்கிற வேலை கவர்னரிடம் தொடங்கியது. செங்கால் நாரைக்குக் கவர்னரின் பெயரை வைப்பதாக ப்ரென்னர் அறிவித்தார். கோட்டை உத்தரவு எதுவானாலும் தண்டோரா போட்டுச் சொல்வது அந்த ஊர் வழக்கம் என்பதால் இதையும் வீதி வீதியாகத் தண்டோரா போட்டார்கள். மறுநாள் காலையில் கழியில் இருந்த செங்கால் நாரைகள் அத்தனையும் எழும்பி, ஊருக்கு மேலே ஒருமுறை சுற்றி, கோட்டை மதில்மேல் வரிசையாக வந்து இறங்கின. அதன்பின் போகவில்லை. விரட்டினால் எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றும், அதே இடத்தில் இறங்கும். பசித்தால் கவர்னரின் தோட்டத்தில் தவளை பிடிக்கும், கவர்னர் உலாவப் போனால் பின்னாலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும்.

ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டதா என்றால், இல்லை. கவர்னருக்கு நெல் போகிறது, துணி போகிறது, வாழைத்தார் போகிறது, நாரை போனால் என்ன என்று கேட்டார்கள். கவர்னரின் மனைவிக்கு நீலத் தாழைக்கோழி கிடைத்தது. அவை அவளுடைய சங்கீத அறையில் புகுந்து கம்பளத்தைப் பிய்த்துக் கூடு கட்டின, அவள் அதை மிகுந்த பெருமையோடு விருந்தாளிகளுக்குக் காட்டினாள். சின்னப்ப சாமியாருக்கு நீர்க்காகம் கிடைத்தது. கறுப்பு அங்கி போட்ட மாதிரி இருந்த அந்தப் பறவைகள் கோயில் சிலுவையின் இரண்டு கையிலும் உட்கார்ந்து இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்ததைச் சாமியார் ஆசீர்வாதம் என்றே எடுத்துக்கொண்டார். சுங்கச்சாவடி அதிகாரிக்கு மயில்மேல் ஆசை. மயிலுக்கு எப்போதோ பெயர் வைத்தாயிற்று என்று சொல்லி ப்ரென்னர் அவருக்கு ஆள்காட்டிக் குருவியைக் கொடுத்தார். சாவடிக் கொல்லைப்பக்கம் யார் மடியில் எதைக் கட்டிக்கொண்டு வந்தாலும் அவை கூட்டமாக எழும்பி ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தின. அந்த அதிகாரி மட்டும்தான் அந்த வருஷத்தில் இளைத்துப்போனார்.

மற்ற எல்லாரும் பருத்தார்கள். பறவை இறங்கிய வீடு பெரிய வீடு, இறங்காத வீடு சின்ன வீடு என்று ஆனது. சம்பந்தம் பேச வந்தவர்கள் வாசலில் நின்று முதலில் கூரையைப் பார்த்தார்கள். எச்சம் விழுந்த சட்டையைத் துவைக்காமல் அணிந்துகொண்டு கச்சேரி வேலைக்குப் போனார்கள், எந்தப் பறவையின் எச்சம் என்று கேட்பவர்களுக்கு நின்று விளக்கினார்கள். நேற்றுவரை ப்ரென்னரைக் 'குருவிப் பைத்தியம்' என்று சொன்னவர்கள் அவர் வாசலில் பலாப்பழத்தோடு காத்திருந்தார்கள். அவரும் பழத்தின் அளவைப் பார்த்துப் பறவையின் அளவைத் தீர்மானித்தார்.

இந்த இடத்தில்தான் தெய்வநாயக முதலியாரும் குழந்தைவேலு செட்டியாரும் வருகிறார்கள். முதலியார் கோட்டைக்குத் துபாஷ், துரைகள் பேசுவதைத் தமிழிலும் தமிழர்கள் கெஞ்சுவதைத் துரைகளின் பாஷையிலும் சொல்கிறவர். செட்டியார் கோட்டைக்குத் துணி கொடுப்பவர். இருவர் வீடும் ராஜவீதியில் எதிரெதிராக இருந்தன, இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் மாடி எழுப்பினால் மற்றவர் அதற்குமேல் ஒரு கைப்பிடிச்சுவர் எழுப்புவார். சித்திரை மாதத்தில் மாந்தோப்பில் ஒரு கரிய பறவையைச் சுட்டு வந்தார் ப்ரென்னர், கண் இரத்தச் சிவப்பு, குரல் ஊரறிந்தது. அதற்கு முதலியார் பெயரை வைத்தார். செட்டியார் அன்றே பல்லக்கில் வந்துவிட்டார். ப்ரென்னர் அதே தோப்பில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட இன்னொரு பறவையைச் சுட்டு வந்து, அதற்குச் செட்டியார் பெயரை வைப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

இரண்டும் குயில். கறுப்பு சேவல், புள்ளி பெட்டை. தாழம்பட்டினத்தில் மாமரத்தடியில் ஒருமுறையாவது நின்ற எல்லாருக்கும் அது தெரியும்.

தோலை உரிக்க உட்கார்ந்த சவேரியம்மாள், "ஏன் துரை, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள்.

"தெரியும்" என்றார் ப்ரென்னர். வயிற்றை அறுத்துப் பார்த்திருந்தார். ஒன்றில் முட்டைக் கரு இருந்தது, மற்றதில் இல்லை. "இதற்கு ஏற்கெனவே பெயரும் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பண்டிதர் வைத்துவிட்டுச் செத்தும் போய்விட்டார். முதலில் வைத்த பெயர்தான் நிற்க வேண்டும் என்பது எங்கள் சாத்திரத்தில் விதி."

"அப்பறம் எதுக்கு ரெண்டு பேரு?"

"முதலியாருக்குக் கொடுத்துவிட்டுச் செட்டியாருக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? அதோடு, நான் கண்டுபிடித்த பறவைகளில் இரண்டு கூடும். அந்தப் பண்டிதரின் புத்தகத்தை இங்கே யார் படிக்கப்போகிறார்கள்?"

சவேரியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஊர்ல பறக்குறதுக்கெல்லாம் பேரு வக்கிறீங்க. இருக்குற பேர மறச்சிட்டு இன்னொரு பேரு வக்கிறீங்க. எம்மவளுக்குத் தகப்பன் பேரு ஒண்ணு வக்கக் கூடாதா?"

"பாஷாணம் கையில் படாமல் உரி" என்றார் அவர்.

தண்டோரா போட்ட மறுநாள் தோப்புகளிலிருந்த கருங்குயில்கள் எல்லாம் முதலியார் மாடியிலும் புள்ளிக்குயில்கள் எல்லாம் செட்டியார் மாடியிலும் வந்து இறங்கின. நடுவில் ஒரு தெரு. இந்தப் பக்கம் சேவல்கள் 'குவூ, குவூ' என்று ஏறிக்கொண்டே போய்க் குரல் உடைந்து நிற்கும். அந்தப் பக்கம் பெட்டைகள் 'கிக் கிக் கிக்' என்று பதறும். ஒன்றும் தெருவைத் தாண்டாது. முதலியார் தன் பறவைக்குக் குரல் உசத்தி என்றார், செட்டியார் தன் பறவைக்கு ஜரிகை வேலைப்பாடு உசத்தி என்றார். அந்த வருஷம் குயில் முட்டையிடவில்லை. அடுத்த வருஷமும் இடவில்லை.

குயில் முட்டையிடாவிட்டால் காக்கைக் கூட்டில் காக்கைதான் பொரியும். காக்கை பொரிந்தது, பெருகியது, தென்னை மட்டைகளில் இடம் போதாமல் கொடிமரத்திலும் கப்பல் பாய்மரத்திலும் கோயில் மணிக்கூண்டிலும் கூடு கட்டியது. ராஜவீதிக்காரர்களுக்குக் கம்பிவலை இருந்தது, குடை பிடிக்க ஆள் இருந்தது. குப்பத்தில் மீன் காயப்போட்ட மணல் காலையில் வெள்ளையாக இருந்து மதியத்தில் கறுப்பாக மாறியது, மாலையில் முள்கூட மிஞ்சவில்லை. ஆட்டுக்குட்டியின் கண்ணைக் கொத்தின, தொட்டில் பிள்ளையின் கையிலிருந்த பணியாரத்தைப் பிடுங்கின. குப்பத்து ஆட்கள் கோட்டைக்குப் போய் முறையிட்டார்கள். கவர்னர் தோளில் ஒரு நாரையோடு உட்கார்ந்து கேட்டு, மீனைத் திறந்த வெளியில் காயவைப்பதால்தான் காக்கை வருகிறது, இனி மூடி வைத்துக் காயப்போடுங்கள் என்று உத்தரவிட்டார். அதையும் தண்டோரா போட்டார்கள்.

செட்டியார் வீட்டுப் பெட்டை முதலியார் வீட்டுச் சேவலோடு சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் அறியாதவர் கிடையாது. ஆனால் உங்கள் பறவை எதிர்வீட்டுக்காரரின் பறவைக்குப் பெண்டாட்டி என்று செட்டியாரிடம் போய்ச் சொல்வது யார்? அவரிடம் துணி வாங்கித் தைப்பவன் சொல்வானா, அவர் வீட்டில் புரோகிதம் செய்பவர் சொல்வாரா? சொல்லாமல் இருந்தார்கள். வாயைத் திறந்தால் வேறு எதையாவது பேசினார்கள். வெயில் அதிகம் என்றார்கள்.

எஸ்தாக்கிக்குக் கல்யாணம் நிச்சயமானது இந்தச் சமயத்தில்தான். மாப்பிள்ளை சந்தியாகு, கரையில் நிற்கும் கப்பலுக்குப் படகில் சரக்கு ஏற்றுகிறவன், குப்பத்துப் பையன். அவன் தாய் மொனிக்கம்மாள் கருவாட்டுக் களத்தில் காக்கை விரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டம் அவள்மேல் இறங்கியது. ஆட்கள் ஓடிவந்து துணியால் மூடுவதற்குள் ஒரு கண் போய்விட்டது. ப்ரென்னர் வந்து கட்டுப் போட்டார். நல்ல கட்டுதான் போட்டார், அதிலும் குறை சொல்ல முடியாது.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது சவேரியம்மாள் இலை போடவில்லை.

"ரெண்டும் ஒரே பறவை, பேரு வச்சது தப்புன்னு தண்டோரா போடச் சொல்லுங்க" என்றாள். "பழைய பேரு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அந்தப் பேரச் சொல்லுங்க. போதும்."

"முடியாது."

"ஒரு பொம்பளைக்குக் கண்ணு போயிருக்கு."

"முதலியார் என்னைத் துரத்துவார். செட்டியார் நான் ஊர்போய்ச் சேருகிற கப்பலையே நிறுத்துவார். எங்கள் ஊர்ப் பண்டிதர் சபையில் சிரிப்பார்கள். உனக்கு இது புரியாது, சவேரி."

"புரியுது துரை. நல்லாவே புரியுது. உள்ளத உள்ளபடி சொல்ல ஒங்களுக்கு ஒடம்பு வளையாது. எங்கிட்டயும் அப்படித்தானே இருந்தீங்க."

அவள் தன் சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டினாள். எஸ்தாக்கி வாசலில் நின்று, பஞ்சடைத்த பறவைகள் நிற்கும் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மாவுக்கு முன்னால் நடந்தாள். இருவரும் குப்பத்தில் சவேரியம்மாளின் பழைய குடிசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ப்ரென்னர் அன்று பசியோடு இருந்தார், அதைத்தான் மனவருத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். அன்று கவர்னரின் பிறந்தநாள் என்பதால் கோட்டையே கோயிலுக்கு வந்திருந்தது: முன்வரிசை நாற்காலிகளில் கவர்னர், மனைவி, சுங்க அதிகாரி, ப்ரென்னர், பூசைக்கு இல்லாவிட்டாலும் மரியாதைக்கு வந்து பக்கவாட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் நின்ற முதலியார், செட்டியார், பின்னால் பாயில் குப்பம். சின்னப்ப சாமியார் ஓலையைப் பிரித்தார்.

"சூசைக்கும் மொனிக்கம்மாளுக்கும் பிறந்த சந்தியாகு. சவேரியம்மாளுக்குப் பிறந்த எஸ்தாக்கி. தகப்பன் பெயர்..." என்று இழுத்து, தொண்டையைச் செருமி, "தெரியாது" என்று சொல்ல வாயெடுத்தார்.

எஸ்தாக்கி எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "தெரியாதுன்னு வாசிக்காதீங்க சாமி. தெரியும். முன்னால நாலாவது நாற்காலில உக்காந்திருக்காரு."

கோயில் முழுக்க நாலாவது நாற்காலியைத் திரும்பிப் பார்த்தது. ப்ரென்னர் சிலுவையைப் பார்த்தார், அதன்மேல் ஒரு நீர்க்காகம் இருந்தது, அதைப் பார்த்தார்.

சாமியார் தாழ்ந்த குரலில், "அவர் உனக்குத் தன் பெயரைத் தரலையேம்மா" என்றார்.

"தர வேண்டாம் சாமி. அவர் பேர நான் வச்சுக்கிட்டா நாரை மாதிரி அவர் வீட்டுக் கூரையில போயி உக்காரணும். எனக்கு வேண்டாம். நான் அவருக்கு ஒரு பேரு வக்கிறேன். ஊர் முச்சூடும் புள்ள பேரச் சொல்லித்தானே தகப்பனக் கூப்புடுது?" அவள் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. "எஸ்தாக்கி அப்பா. அதான் அவர் பேரு. வாசிங்க."

சாமியார் வாசிக்கவில்லை. குப்பம் வாசித்தது. ஒற்றைக் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த மொனிக்கம்மாள் முதலில் சொன்னாள், "எஸ்தாக்கி அப்பா." பிறகு பாயில் இருந்த பெண்கள், பிறகு ஆண்கள், பிறகு வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். தண்டோரா தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் ப்ரென்னர் துரை இராச்சட்டையும் தோல் செருப்புமாக மணலில் நடந்து வந்து, சவேரியம்மாள் குடிசை வாசலில், கருவாட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றார். ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. போங்கள் என்றார்கள், போனார், ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றார். கவர்னர் பல்லக்கு அனுப்பினார். கோட்டை வாசல்வரை பல்லக்கில் இருந்தவர் அங்கே இறங்கித் திரும்பி நடந்துவிட்டார். கப்பலில் ஏற்றிப் பார்த்தார்கள். நங்கூரம் தூக்கும் முன்பே தண்ணீரில் குதித்து நீந்தி வந்தார். கோட்டை இதற்கும் ஆச்சரியப்படவில்லை. வேறு வைத்தியரைக் கேட்டு எழுதியது, அவர் வீட்டைப் பூட்டியது, அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியது. அவர் கையால் பறவை வாங்கியவர்கள் குப்பத்துப் பக்கம் வரும்போது பல்லக்குத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

சவேரியம்மாள் அவரை உள்ளே கூப்பிடவில்லை. ஒரு தட்டில் சோறும் ஒரு மூங்கில் கம்பும் கொண்டுவந்து வைத்தாள். "சும்மா உக்காந்து திங்க இங்க ஆருக்கும் முடியாது. காக்கா வெரட்டுங்க" என்றாள்.

அவர் கம்பை எடுப்பதற்குள் சோற்றில் பாதியைக் காக்கை கொண்டுபோய்விட்டது. மீதிக்காக அவர் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு குனிந்திருந்ததைக் களத்தில் இருந்த பெண்கள் பார்த்தார்கள், சிரிக்கவில்லை, தங்கள் வேலையைப் பார்த்தார்கள். வெயில் அவர் கழுத்தை உரித்தது. காக்கைகள் தொப்பியைக் கொண்டுபோயின. மொனிக்கம்மாளின் கண் போனபோது பேச முடியாத உண்மை, தன் உச்சந்தலையில் கொத்து விழுந்தபோது பேச முடிகிற உண்மையாக மாறியது. வாரம் திரும்புவதற்குள் அவர், "தண்டோராக்காரனைக் கூப்பிடுங்கள்" என்றார்.

எஸ்தாக்கி கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர்முன் வந்து நின்றாள். "எதுக்கு?"

"இரண்டும் ஒரே பறவை என்று சொல்ல வேண்டும். நான் வைத்த இரண்டு பெயரும் செல்லாது. எனக்கு முன்பே அதற்குப் பெயர் வைத்த பண்டிதர் ஒருவர் இருந்தார்."

"மொதல்லயே தெரியும்தானே ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க."

 அவர் தலையசைத்தார். 'தெரிந்தேதான் சொன்னார்' என்பதையும் சேர்த்துத்தான் ராஜவீதியில் தண்டோரா போட்டார்கள்.

அந்தப் பண்டிதர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது, செத்தவருக்குக் கூரை இல்லை. முதலியார் மாடியிலிருந்து கறுப்பும் செட்டியார் மாடியிலிருந்து புள்ளியும் ஒரே நேரத்தில் எழும்பின, தெருவுக்கு மேலே ஒன்றாகக் கலந்தன, எந்த வீட்டையும் திரும்பிப் பார்க்காமல் தோப்புகளுக்குப் போயின. செட்டியார் தெருவில் இறங்கி நின்று, இத்தனை நாளும் முதலியாரின் சேவல்கள் தன் வீட்டுப் பெட்டைகளைப் பார்த்துப் பாடியதற்கு முதலியார் பதில் சொல்ல வேண்டும் என்று கத்தினார். முதலியார் மாடியிலிருந்தே, பெட்டை வைத்திருந்தவர்தான் வெட்கப்பட வேண்டும் என்றார். இது கோட்டையில் வழக்காகி, இருவரும் உயிரோடு இருக்கும்வரை நடந்தது. ஊரோ, எங்களுக்கு அப்போதே தெரியும் என்று ஒரே குரலில் சொன்னது. கவர்னர் மாற்றலாகிப் போனபோது நாரைகள் அவர் கப்பலின் பின்னாலேயே கடலுக்குமேல் போய்விட்டன. அவரை வழியனுப்பக் கரையில் நின்றவர்கள் அழுதார்கள். கழியில் நாரை இல்லாமல் போனதற்கு யாரும் அழவில்லை.

அந்த வருஷம் குயில்கள் காக்கைக் கூடுகளில் முட்டையிட்டன. காக்கை குறைந்தது, ஒரேயடியாக அல்ல, மெதுவாக. எஸ்தாக்கிக்கும் சந்தியாகுவுக்கும் கல்யாணம் நடந்தது. மகள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டும் என்று ப்ரென்னருக்கு ஆசை வந்தது, புதுச் சட்டைகூடப் போட்டிருந்தார். எஸ்தாக்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "பின்னால வாங்க" என்றாள், கோபமாக இல்லை, இடம் காட்டுகிற மாதிரி. அவர் பின்னால் போனார். வேறு எங்கும் அவரால் போக முடியாது.

சில வருஷம் கழிந்து, வேறொரு கொடியோடு வந்த கப்பலில் ஓர் இளம் விஞ்ஞானி இறங்கினான். அலகையும் காலையும் வைத்துக் கழிப் பறவைகளைப் பிரித்த மகான் இங்கேதான் இருந்தார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தான். கருவாட்டுக் களத்தில் கோவணமாகச் சுருட்டிய வேட்டியோடு கம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் அவர் என்று நம்ப அவனுக்கு நேரம் பிடித்தது. நம்பியபின் மணலிலேயே மண்டியிட்டான். கழிமுகத்தில் இதுவரை யாரும் எழுதாத ஓர் ஆலாவைக் கண்டுபிடித்திருப்பதாகவும், கடல்மேல் பறக்கும் அந்த வெள்ளைப் பறவைக்கு 'ப்ரென்னர் ஆலா' என்று பெயர் வைக்க அவர் அனுமதி தர வேண்டும் என்றும் கேட்டான்.

பட்டது போதும் என்று வேறு எவனாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். ப்ரென்னரின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனது. "தண்டோரா போட்டுச் சொல்" என்றார். "மெதுவாகச் சொன்னால் அவற்றுக்குக் கேட்காது."

மறுநாள் விடிந்ததும் அவர் முகம் மழித்து, பெட்டியிலிருந்து பழைய கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, களத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றார். ஆலாக்கள் வந்தன. கடலிலிருந்து வெள்ளை வெள்ளையாக எழும்பி, ஊருக்கு மேலே வந்து, ப்ரென்னரைத் தேடின. கோட்டைக்கு மேலே சுற்றின, அங்கே அந்தப் பெயரில் யாரும் இல்லை. பூட்டிக் கிடந்த வைத்தியர் வீட்டுக்கு மேலே சுற்றின, அங்கேயும் இல்லை. ராஜவீதியில் அந்தப் பெயரை மறந்திருந்தார்கள். குப்பத்துக்கு வந்தன, குப்பத்தில் பிறந்த குழந்தைகளிலிருந்து கிழவர்கள்வரை அந்த மனிதருக்கு ஒரே ஒரு பெயரைத்தான் அறிந்திருந்தார்கள்.

"இங்கே! நான்தான் ப்ரென்னர்!" என்று அவர் கம்பை உயர்த்திக் கத்தினார். "நான்தான்! ப்ரென்னர்!"

ஆலாக்கள் அவர் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் மிதந்தன, ஒன்று கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்தது, பிறகு கூட்டமாகத் திரும்பிக் கடலுக்குப் போயின. அவர் அலைவரை ஓடினார், அதற்குமேல் கால் போகவில்லை. அங்கே நின்று, தொண்டை கட்டும்வரை தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எஸ்தாக்கி களத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "எஸ்தாக்கி அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் சட்டென்று திரும்பினார். "அங்க என்ன கூச்சல்? காக்கா மீன் மேல எறங்கிடுச்சு பாருங்க."

அவர் வந்து விரட்டினார்.